முருகனுக்கு நாலு கண் வைத்தது யார்?

படம் கலங்கி வந்தால் முதலில் பூதக்கண்ணாடியை எடுங்கள். அதற்குப் பிறகு வாயைத் திறவுங்கள். அச்சகத்தின் கேமரா அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எந்த மருந்தில் எத்தனை நிமிடம், எந்த விளக்கு எத்தனை அடி தூரத்தில் என்பதெல்லாம் உங்கள் புத்தகங்களிலேயே இருக்கிறது. நான் கண்ணாடி எடுப்பதையும் வாய் திறப்பதையும் வரிசை மாற்றிச் செய்தவன். அதன் பலனாக ஒரு மனிதர் ஐந்து வாரம் வேலையில்லாமல் இருந்தார், முருகப் பெருமான் நாலு கண்ணோடு இருந்தார், நான் மட்டும் நல்ல பெயரோடு இருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகம் தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் அடித்து வளர்ந்தது. முதலாளிக்குக் காலண்டர் அடிக்க ஆசை வந்தது. "லேபிளக் கிழிச்சுப் போட்டுருதான். காலண்டர வருசம் பூரா கும்பிடுதான்" என்பார். அதற்காகப் பம்பாயில் ஒரு பழைய அச்சகம் விற்ற கேமராவை வாங்கினார். மாட்டுவண்டி நீளம் இருக்கும். அதைப் பழக என்னை இரண்டு மாதம் பம்பாய்க்கு அனுப்பினார்கள். போகும்போது நான் சாதாரண ஆள். திரும்பும்போது என் தலை கொஞ்சம் கனத்திருந்தது.

கேமராவை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. கீழே பின்பக்கம் பேப்பர் குடோன் இருந்தது. கல் தளம், தடித்த சுவர். அதைவிட நல்ல இடம் கிடையாது. முதலாளி முகம் சுளித்தார்.

"வெளியூர்ப் பார்ட்டி வந்தா குடோனுக்குள்ளயா கூட்டிட்டுப் போறது? மாடிப்படி ஏறி வரணும்ப்பா. ஏறுறப்பவே அவனுக்கு ஒரு மரியாத வரணும்."

ஆக, மரியாதையை முன்னிட்டுக் கேமரா மாடிக்குப் போனது. மாடித் தளம் என்பது தேக்கு உத்தரத்தின் மேல் பாவிய பலகை. அதற்கு நேர் கீழே எங்கள் அச்சகத்திலேயே பெரிய மிஷின். தகடு ஏற்றிய அதன் கனத்த இரும்புப் படுகை காலையிலிருந்து சாயங்காலம் வரை கிழக்கே ஓடும், மேற்கே ஓடும், மறுபடி கிழக்கே ஓடும். பலகையில் வெறுங்காலோடு நின்றால் உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். இதை நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. மாடியில் காற்று வரும். கதவில் என் பெயரை எழுதி ஒரு பலகையும் மாட்டியிருந்தார்கள்.

வேலை இப்படி நடக்கும். ஓவியர் வரைந்த படத்தைச் சுவரில் அடித்த பலகையில் மாட்டுவோம். எதிரே தரையில் கேமரா. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வண்ணக் கண்ணாடியைப் போட்டுத் தனித்தனியாக நெகட்டிவ் எடுக்கவேண்டும். சிவப்புக் கண்ணாடி போட்டால் எட்டு நிமிடம் லென்ஸ் திறந்திருக்க வேண்டும். அந்த எட்டு நிமிடமும் எதுவும் அசையக்கூடாது. எங்கள் அச்சகத்தில் எட்டு நிமிடம் தொடர்ந்து அசையாமல் இருந்தவர் மேனேஜர் ஒருவர்தான்.

முதல் ஆர்டர் மெட்ராஸில் ஒரு காப்பித்தூள் கம்பெனியுடையது. வள்ளி தெய்வானையோடு முருகன் நின்ற கோலம், கையில் வேல். அடித்து வந்த முதல் தாளைப் பார்த்துவிட்டு மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்தியால் அல்ல. முருகனுக்கு ஒவ்வொரு கண்ணை ஒட்டியும் இன்னொரு கண் இருந்தது. வேல் இரண்டு. வள்ளிக்கு மூக்குத்தி இரண்டு. தெய்வானை மட்டும் கொஞ்சம் தலை சாய்த்திருந்ததால் அவ்வளவு மோசமில்லை.

நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாவிட்டால் படம் இப்படி இரட்டையாகத் தெரியும். ரெஜிஸ்டர் பிசகு என்போம். அது மிஷின் ஓட்டுபவர் தப்பு. பெரிய மிஷினை ஓட்டியவர் சங்கிலி. ஆமத்தூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். அவருடைய அப்பாவும் அப்பாவுக்கு அப்பாவும் ஊரில் பெரிய வீட்டு வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். அவர்கள் குடும்பத்தில் மிஷினைத் தொட்ட முதல் ஆள் இவர். மிஷினுக்கு எண்ணெய் விடும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது அவருக்கு.

முதலாளி மாடிக்கு வந்து என்னிடம் கேட்டார். "நெகட்டிவ் எப்பிடிப்பா இருக்கு?"

நான் நெகட்டிவைக் கையில் எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே, கை நீளத்துக்குப் பிடித்தேன். பூதக்கண்ணாடி மேசை மேலேயே இருந்தது. அதை எடுத்தால் ஏதாவது தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு பயம். பம்பாய் போய் வந்தவன் முதல் வேலையிலேயே கோட்டை விட்டான் என்று பேச்சு வரும்.

"கண்ணாடி மாதிரி இருக்கு மொதலாளி" என்றேன்.

அவர் கீழே இறங்கினார். நான் படிக்கட்டின் மேல்முனையில் நின்று கேட்டேன்.

"என்னலே சங்கிலி, முருகனுக்கு நாலு கண்ணு வச்சிருக்கே?"

"மொதலாளி, கலரு ஒண்ணு மேல ஒண்ணு சரியாத்தான் விழுகுதுங்க. நீலத்த மட்டும் தனியா ஒரு தாள் அடிச்சுக் காட்டுதேன், பாருங்க. ஒத்தக் கலர்லயே ரெண்டாத் தெரியும். ஒத்தக் கலருக்கு ஏதுங்க ரெஜிஸ்டரு?"

அறிவுள்ளவர்கள் யாராவது கேட்டிருந்தால் விஷயம் அந்த நிமிடமே முடிந்திருக்கும். மேனேஜர் கேட்டார். "சீசன் நேரத்துல ஒத்தக் கலர் அடிச்சுப் பாக்க பேப்பர் என்ன மரத்துலயா காய்க்குது? மாடில நெகட்டிவ் கண்ணாடி மாதிரி இருக்குங்காரு. நீ வெவகாரம் பேசுத."

மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று சங்கிலியிடம் சொல்லிவிட்டார்கள். அவர் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, மிஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனார். அவர் மாடியை அண்ணாந்து பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அவர் பார்க்கவில்லை.

அவர் இடத்துக்கு மேனேஜரின் மச்சினன் வந்தான். அவன் அடித்த தாளிலும் முருகனுக்கு நாலு கண். இப்போது மிஷின்காரர் தப்பு என்று சொல்ல முடியாத ஒரு நெருக்கடி நிர்வாகத்துக்கு ஏற்பட்டது. ஆகவே அறிவியல் முறைப்படி விசாரணை தொடங்கியது.

முதலில், படம் எடுக்கும்போது மாடியில் யாரும் நடக்கக்கூடாது என்று உத்தரவு. நான் மணி அடித்தால் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்கவேண்டும். அடுத்த அறையில் நெகட்டிவுக்குத் திருத்த வேலை செய்யும் ஓவியர் மூக்குப்பொடி போடுபவர். எட்டு நிமிடம் தும்மலை அடக்கச் சொன்னார்கள். ஆறாவது நிமிடத்தில் அவர் முகம் போகும் போக்கைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலத்தை நிறுத்தினார்கள். கீழே நூறு மணங்கு எடையுள்ள இரும்பு கிழக்கும் மேற்கும் ஓடிக்கொண்டிருந்தது. அது உற்பத்தி, அதை யாரும் அசைவு என்று நினைக்கவில்லை.

அடுத்தது திருஷ்டி. பெரிய பூசணிக்காய் வாங்கி, வாசலில் உடைத்து, கேமராவுக்கும் மிஷினுக்கும் கற்பூரம் காட்டினார்கள். இதற்காக எல்லா மிஷினையும் அரை மணி நேரம் நிறுத்தினார்கள். அந்த அரை மணியில் எட்டு நிமிடம் நான் மாடியில் இருந்து ஒரு படம் எடுத்திருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும். நான் கீழே நின்று கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகு மெட்ராஸிலிருந்து நிபுணர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். தொப்பியோடு வந்தார். சாப்பிட்டார். கேமராவின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். கடைசியில் ரயில் அட்டவணை வேண்டும் என்று கேட்டார்.

"இந்த ஊரில் ஸ்டேஷன் பக்கத்தில்தானே இருக்கிறது? ரயில் அதிர்வுதான் காரணம்."

"ரயில் வராத நேரத்துலயும் கலங்குதே சார்?" என்றேன்.

"போன ரயிலின் அதிர்வு தரையில் கொஞ்ச நேரம் தங்கும்."

மேனேஜர் கவலையோடு கேட்டார். "விருதுநகர்ல வண்டி கிளம்பும்போதே இங்கன ஆரம்பிச்சிருமோ?"

"வாய்ப்பு உண்டு" என்றார் நிபுணர்.

ரயில் அட்டவணையைக் கேமரா அறைச் சுவரில் ஒட்டினார்கள். ரயிலுக்கு முன்னால் ஒரு மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம் படம் எடுக்கக்கூடாது. மிச்சமிருந்த நேரத்தில் எடுத்தோம். முருகன் நாலு கண்ணாலும் எங்களைப் பார்த்தார்.

இத்தனையையும் கேலி செய்கிறேனே, என் பங்கு என்ன என்று கேட்பீர்கள். என்னுடையதுதான் எல்லாவற்றிலும் உச்சம். கேமரா உறுதியாக நிற்காததால்தான் ஆடுகிறது என்று நான் முடிவு கட்டினேன். கொல்லரிடம் சொல்லி நாலு நீளமான போல்ட் அடித்து வாங்கி, கேமராவின் காலைப் பலகையோடும் பலகையை உத்தரத்தோடும் சேர்த்து முறுக்கினேன். யானை வந்து முட்டினாலும் அசையாது என்று முதலாளியிடம் சொன்னேன். யானை வரவில்லை. மிஷின் ஓடியது. இதுவரை பலகை வழியாகக் கொஞ்சம் குறைந்து வந்த ஆட்டம் இப்போது உத்தரத்திலிருந்து நேராகக் கேமராவுக்குள் போனது. முருகனின் கண்கள் ஒன்றைவிட்டு ஒன்று இன்னும் விலகி நின்றன. ஆடுகிற பொருளோடு எதைக் கெட்டியாகக் கட்டினாலும் அதுவும் கூடச் சேர்ந்து நன்றாக ஆடும். இதைப் பம்பாயில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரவேண்டிய விஷயமும் அல்ல.

போல்ட்டும் கைவிட்ட அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் அலமாரியைத் திறந்து, சங்கிலியை நீக்கிய அன்றைக்கு இருந்த முதல் நெகட்டிவை எடுத்தேன். அதன் மேல் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தேன்.

வேலின் கம்பு இரண்டு. மூக்கின் கோடு இரண்டு. நெற்றியில் இருந்த திருநீற்றுப் பட்டைகள் மட்டும் மூன்றும் மூன்றாகவே, கத்தியால் கீறியதுபோல் சுத்தமாக இருந்தன. எனக்கு அது என்ன கணக்கு என்று அப்போது புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. கோளாறு என் நெகட்டிவில் அன்றே இருந்திருக்கிறது. சங்கிலி அதை அப்படியே, ஒரு மயிரிழை பிசகாமல் அடித்துக் கொடுத்திருக்கிறார்.

நெகட்டிவை உறையில் போட்டு அலமாரியைப் பூட்டினேன். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்தேன். எல்லோரிடமும் வழக்கத்தைவிட இனிமையாகப் பேசினேன். வீட்டில் என் மனைவி உடம்புக்கு என்ன என்று கேட்டாள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நெகட்டிவைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஆமத்தூருக்குப் போனேன்.

சங்கிலி வீட்டு வாசலில் கூடை முடைந்துகொண்டிருந்தார். அந்த வேலைக்குப் பழகாத கை. ஈர்க்கு குத்தி விரலில் துணி சுற்றியிருந்தது. அவர் மனைவி பேச்சியம்மாள் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். என்னைப் பார்த்ததும் எழுந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்த நாற்காலி.

"வாங்க தம்பி. வெயில்ல வந்திருக்கீகளே. மிஷின் எப்பிடி ஓடுது? மேக்கால இருக்கற அந்த ஆயில் ஓட்டைய அந்தப் பய தொடச்சு விடுதானா?" என்றார் சங்கிலி.

நான் நெகட்டிவையும் பூதக்கண்ணாடியையும் கொடுத்தேன். அவர் சூரியனுக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, குறுக்க போற கோடெல்லாம் சுத்தமா இருக்கு. நெட்டுக்க நிக்கிற கோடெல்லாம் ரெண்டு. மேலயும் கீழயும் ஆடல. பக்கவாட்டுலதான் ஆடிருக்கு. உங்க படம் எந்தத் தெசையப் பாத்து மாட்டியிருக்கு?"

"தெற்கு பாத்து."

"அப்ப இது கெழக்கு மேக்கா ஆடிருக்கு." கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "அட, நம்ம மிஷினு! அதோட படுகதான தம்பி கெழக்க மேக்க ஓடுது. நேரா உங்க காலுக்குக் கீழ!"

நிபுணருக்கு ரயில் அட்டவணை தேவைப்பட்டது. இவருக்கு வெயில் போதுமாக இருந்தது. நானும் சிரித்தேன். அவர் நிறுத்தினார்.

"இது எப்ப எடுத்த நெகட்டிவு?"

"முதல்ல எடுத்தது அண்ணே. உங்கள…" என்று ஆரம்பித்தேன்.

"அப்ப அன்னைக்கே இப்பிடித்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சு. நான் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கல. பாக்காமலே நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். முந்தாநாள்தான் பாத்தேன். பாத்துட்டு ரெண்டு நாளா சொல்லல."

பேச்சியம்மாள்தான் முதலில் பேசினார். "இவுகளுக்கு ஒரு பிரஸ்லயும் வேல குடுக்கல தெரியுமா? எங்க போனாலும், முருகனுக்கு நாலு கண்ணு வச்சவன் நீதானான்னு கேக்காகளாம். பெரிய வீட்டுல இருந்து ஆள் விட்டுக் கேட்டாச்சு, வயலுக்கு வாரானான்னு. நாளைக்குச் சொல்லுதோம்னு நாலு நாளாச் சொல்லிட்டு இருக்கோம்."

"மொதலாளிகிட்ட நாளைக்கே சொல்லிருதேன்" என்றேன்.

சங்கிலி தலையை ஆட்டினார். "அவுககிட்ட மட்டும் சொன்னீகன்னா அவுக மனசுக்குள்ள வச்சுப் பூட்டிருவாக. கீழ மிஷின் ரூம்ல, அம்புட்டுப் பேரும் இருக்கையில சொல்லுங்க. வேல குடுக்கறதும் குடுக்காததும் அவுக பாடு. பேரு என்னோடது தம்பி."

திங்கட்கிழமை காலை, மிஷின்களுக்கு பெல்ட் மாட்டுவதற்கு முன்னால் கீழே போய் நின்றேன். முதலாளி, மேனேஜர், இன்னும் ஊருக்குத் திரும்பாத நிபுணர், மிஷின்காரர்கள், தாள் எண்ணுபவர்கள் எல்லோரும் இருந்தார்கள். காப்பித்தூள் கம்பெனியின் ஆள் புதன்கிழமை வருவதாகத் தந்தி வந்திருந்தது. சொன்னேன். நெகட்டிவை நான் பார்க்காமல் நல்லது என்று சொன்னேன், சங்கிலி மேல் ஒரு தப்பும் இல்லை, படத்தை ஆட்டுவது மாடிக்கு நேர் கீழே ஓடும் மிஷின் என்று சொல்லி முடித்தேன்.

மேனேஜர் முகம் மலர்ந்தது. "அப்ப கோளாறு சங்கிலி ஓட்டுன மிஷின்லதான்னு ஆகுது. அவன நீக்குனது சரின்னு கேமராமேனே ஒத்துக்கிட்டாரு."



முதலாளி என்னை மட்டும் பார்த்தார். "மிஷின நிறுத்திட்டு எடுத்தா சரியாயிருமா?"

"எட்டு நிமிஷம் நிறுத்துங்க மொதலாளி."

"எட்டு நிமிசமா? எம்புட்டுத் தாள் அடிக்கலாம் தெரியுமா? சரியாகலைன்னா?"

"சரியாகலைன்னா சங்கிலிக்குச் சொன்னத எனக்கும் சொல்லுங்க."

பெல்ட் மாட்டவேண்டாம் என்று அவர் மிஷின்காரர்களுக்குக் கையைத் தூக்கிக் காட்டினார். அன்றைக்கு மிஷின்கள் எட்டு நிமிடம் தாமதமாகத் தொடங்கின. மாடியில் லென்ஸைத் திறந்துவிட்டு நான் சுவரோரம் நின்றேன். பலகை என் காலுக்குக் கீழே செத்ததுபோல் கிடந்தது. அதுவரை அந்தத் தளம் எவ்வளவு ஆடியது என்பது அது நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. பழகிப்போன ஆட்டத்தை உடம்பு ஆட்டம் என்றே எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் அறையில் எது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறதோ, அதை ஒரு முறையாவது நிறுத்திப் பாருங்கள்.

நெகட்டிவைக் கழுவி முதலாளியிடம் கொடுத்தேன், பூதக்கண்ணாடியோடு. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"ரெண்டு கண்ணுதாம்ப்பா இருக்கு" என்றார்.

"பூசணிக்கா ஒடச்சதுக்கு இப்பத்தான் பலன் தெரியுது" என்றார் மேனேஜர்.

நிபுணர் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். "இந்த நேரத்தில் ரயில் எதுவும் இல்லை. என் கருத்து நிரூபணமாகிவிட்டது."

மிச்ச நிறங்களையும் அப்படியே மிஷினை நிறுத்தி எடுத்து அடித்தோம். புதன்கிழமை வந்தவர் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. பிரச்சினையும் போகவில்லை. காலண்டர் சீசனில் மிஷின் ராத்திரியும் ஓடும். ஒரு நாளைக்கு நாலைந்து நெகட்டிவ் எடுக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் மிஷினை நிறுத்த முதலாளிக்கு மனசில்லை. கேமராவைக் குடோனுக்கு மாற்றலாம் என்றேன். "மாடிப்படிக்கு இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கு" என்றார். வேறு வழியில்லாமல், சங்கிலியை ஒரு நாள் கூப்பிட்டுக் கேட்கலாமா என்றேன். மேனேஜர் விதிமுறை பேசுவதற்குள் முதலாளி சரி என்றுவிட்டார்.

சங்கிலி அத்தனை வருடத்தில் முதல் முறையாக மாடிக்கு வந்தார். சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். தரையில் நின்ற கேமராவைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

"தம்பி, ரெண்டு பேரு பஸ்ல ஒரே சீட்டுல உக்காந்து போறாக. பஸ்ஸு எம்புட்டு ஆடுனாலும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துப் பேசலாம். ஒருத்தர் பஸ்ஸுக்குள்ளயும் ஒருத்தர் ரோட்டுலயும் நின்னா? இங்கன அப்பிடித்தான் இருக்கு. செவரு ஒரு ஆட்டம் ஆடுது, தரை ஒரு ஆட்டம் ஆடுது. ரெண்டையும் ஒரே சீட்டுல ஏத்துங்க."

"ஏத்திட்டா?"

"சீட்டுக்கு அடியில காத்து வேணும். நம்ம லோடு லாரில பழைய டியூப்பு கெடக்குமே, நாலு வாங்குங்க. பாதிக் காத்து போதும்."

தச்சரை அழைத்து ஒரே நீளச் சட்டம் செய்தோம். அதன் ஒரு முனையில் படப் பலகை, மறு முனையில் கேமரா. அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. சங்கிலி ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். "நீங்க போட்ட போல்ட்டு. நீங்களே கழத்துங்க." நாலையும் கழற்ற எனக்கு அரை நாள் ஆனது. அவ்வளவு கெட்டியாக முறுக்கியிருந்தேன்.

சட்டத்தை நாலு டியூப்பின் மேல் தூக்கி வைத்தோம். கீழே மிஷின் முழு வேகத்தில் ஓட, மாடியில் சிவப்புக் கண்ணாடி போட்டு எட்டு நிமிடம் எடுத்தேன். வேல் ஒன்று. மூக்குத்தி ஒன்று. திருத்த வேலை ஓவியர் நாலாவது நிமிடத்தில் தாராளமாகத் தும்மினார். ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகு வெளியூர்ப் பார்ட்டிகள் மாடிப்படி ஏறி வந்து, பெருமைக்குரிய கேமரா நாலு லாரி டியூப்பின் மேல் மிதப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "நம்மளே யோசிச்சுச் செஞ்சது" என்று முதலாளி சொல்லுவார். நிபுணர் மெட்ராஸில் இரண்டு அச்சகங்களுக்கு இதே யோசனையைச் சொல்லி, தான் அதற்கு ஒரு ஆங்கிலப் பெயரும் வைத்திருப்பதாக எனக்குக் கடிதம் எழுதினார்.

சங்கிலியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முதலாளி சம்மதித்த அன்று நாங்கள் நாலு பேரும் ஆபீஸ் அறையில் இருந்தோம். மேனேஜர் ஃபைலைத் திறந்தார்.

"நீக்குன ஆளத் திரும்ப எடுக்கணும்னா ஃபைல்ல ஒரு மன்னிப்புக் கடுதாசி இருக்கணும். ரூலு."

"எழுதி வாங்கிரு" என்று சொல்லிவிட்டு முதலாளி போனார்.

"என்ன தப்புக்குங்க மன்னிப்பு?" என்றார் சங்கிலி.

"என்ன தப்புன்னு ரூல்ல இல்ல. கடுதாசி இருக்கணும்னுதான் இருக்கு."

சங்கிலியின் கை தூக்குச்சட்டியின் பிடிக்குப் போனது. எழுந்து போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்தது. "நான் எழுதித் தாறேன்" என்று சொல்லி மேனேஜரிடம் ஒரு தாள் வாங்கினேன். அவர் நிம்மதியாக வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

நான் எழுதினேன். கேமரா வேலை பார்க்கும் நான், முதல் நெகட்டிவைப் பரிசோதிக்காமலே அது நன்றாக இருப்பதாகச் சொன்னேன் என்றும், அதனால் தவறே செய்யாத மிஷின்மேன் சங்கிலி நீக்கப்பட்டார் என்றும், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் எழுதிக் கீழே என் பெயரைப் போட்டேன்.

சங்கிலி மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அச்சுக் கல்லிலும் தகட்டிலும் இருபது வருடம் எழுத்தை இடவலம் மாறிப் படித்த மனிதர். தலைகீழாக இருந்த என் தாளை என்னோடு கூடவே படித்து முடித்துவிட்டார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு தம்பி" என்றார், மேனேஜருக்குக் கேட்காத குரலில்.

"என்ன அண்ணே?"

"பாக்காமச் சொன்னேன்னு எழுதியிருக்கீக. பாத்ததுக்குப் பொறவும் ரெண்டு நாள் சொல்லாம இருந்தீகளே. அதையும் எழுதுங்க."

முதல் வரியை எழுதும்போது எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. இந்த வரியை எழுதும்போது அது இல்லை. எழுதினேன். அவர் அந்த வரியையும் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

மேனேஜர் தாளை வாங்கினார். கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். முத்திரை குத்தி, ஓட்டை போட்டு, ஃபைலில் கோத்தார்.

"சரி, போய் வேலையப் பாரு" என்றார்.

சங்கிலி எழுந்து மிஷின் ரூமுக்குள் போனார். மேற்குப் பக்கத்து ஆயில் ஓட்டையில் குச்சி விட்டு அழுக்கை எடுக்க ஆரம்பித்தார். நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன். அவர் விரலைத் தூக்கிக் காட்டினார். எண்ணெய் விட்டு முடிக்கும் வரை பேசாமல் நின்றேன்.